சூரியனுக்கு ஒரு குடை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சூரியனுக்கும் பூமிக்கும் இடையே விண்வெளியில் ஒரு மறைப்பை நிறுத்தி வெயிலில் சிறு பங்கைத் தடுத்தால் புவி வெப்பமாதலைச் சமாளித்துவிடலாம் என்று படித்தேன். கரியமில வாயுவைக் குறைக்க உலக நாடுகள் படும் பாட்டைப் பார்த்தால் இதுவே சுருக்கு வழி என்று தோன்றுகிறது. தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

காகிதத்தில் இந்தக் கணக்கு சரியாகவே வருகிறது. வெயிலில் 2 சதவீதத்துக்கும் குறைவாகத் தடுத்தாலே போதும். வானியலாளர் ரோஜர் ஏஞ்சல் 2006இல் முன்வைத்த திட்டத்தில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு கிராம் எடையுள்ள மெல்லிய தகடுகள் 16 லட்சம் கோடி தேவைப்படும், மொத்த எடை 2 கோடி டன். அவற்றை நிறுத்தும் இடம், பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள முதலாம் லக்ராஞ்சுப் புள்ளியின் அருகே; சூரியன், பூமி இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து ஒரு பொருளை எப்போதும் இரண்டுக்கும் இடையிலேயே இருக்கும்படி பூமியோடு சேர்ந்து சுற்றவைக்கும் இடம் அது.

என் தயக்கம் எண்ணிக்கையைப் பற்றியது அன்று, நிறுத்துவதைப் பற்றியது. அந்தப் புள்ளி கவிழ்த்த கிண்ணத்தின் மேல் வைத்த கோலிக்குண்டைப் போன்றது; சற்று விலகினாலும் விலகிக்கொண்டே போகும். போதாக்குறைக்கு, தடுக்கப்படும் ஒளியே தகட்டைத் தள்ளுகிறது. தகடு மெலிய மெலிய அந்தத் தள்ளலுக்கு எளிதில் ஆட்படுகிறது. எனவே ஒவ்வொரு தகடும் ஓயாமல் தன் நிலையைத் திருத்திக்கொண்டே இருந்தாக வேண்டும்.

மெல்லிய தகடுகளை விண்வெளியில் விரிப்பதில் நமக்குள்ள அனுபவமும் சொற்பமே. ரஷ்யர்கள் 1993இல் 20 மீட்டர் அகலமுள்ள ஸ்நாமியா என்னும் பிரதிபலிப்பானை விரித்து, சுமார் 5 கிலோமீட்டர் அகலமுள்ள ஒளிவட்டத்தை ஐரோப்பாவின் மீது ஓடவிட்டார்கள். (அவர்கள் நோக்கம் நிழலன்று, இரவில் வெளிச்சம்!) 1999இல் 25 மீட்டர் அகலத்தில் மறுபடி முயன்றபோது, விரியத் தொடங்கிய படலம் அதைச் சுமந்த கலத்தின் ஆண்டெனாவிலேயே சிக்கிக்கொண்டது, முயற்சி கைவிடப்பட்டது.

ஆய்வு நடக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சுருக்கு வழி என்று நீங்கள் சொல்வதை ஏற்க இயலவில்லை, ஏனெனில் நிழல் விழுந்தாலும் கரியமில வாயு இருந்த இடத்திலேயே இருக்கும், அதைக் கரைத்துக்கொள்ளும் கடல் நீரின் அமிலத்தன்மை கூடிக்கொண்டே போகும். வாயு குறையாத வரை குடையை மடக்கவும் முடியாது. பழுதாலோ போராலோ அது விலகினால், நூறாண்டில் ஏறியிருக்க வேண்டிய வெப்பம் சில பத்தாண்டுகளுக்குள் ஏறிவிடக்கூடும்.

அன்புடன்,
ஆசிரியர்