வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றுகிறீர்களா? வக்கீல் ஃபீஸைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது

கேள்வி: மதுரையில் சொந்த வீடு. கடனில் 30 லட்சம் பாக்கி, இன்னும் 15 வருடம் கட்ட வேண்டும். ஃப்ளோட்டிங் வட்டி (அவ்வப்போது ஏறி இறங்குவது), இப்போது 9.25 சதவீதம். வேறொரு வங்கி 8.5-க்குத் தருவதாகச் சொல்கிறது. ஆனால் அவர்களுடைய வக்கீல்தான் பத்திரம் பார்ப்பாராம், ஃபீஸ் நான் கட்ட வேண்டுமாம். என் வக்கீலை வைத்துக்கொள்ளக் கூடாதா? மொத்தம் எவ்வளவு ஆகும்?

பதில்: உங்கள் வக்கீலிடமும் காட்டலாம். ஆனால் அவர் தரும் லீகல் ஒப்பீனியனை வங்கி ஏற்காது. வங்கி தன் பட்டியலில் வைத்திருக்கும் பேனல் வக்கீல் பார்ப்பது வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்பதைத்தான். பணம் நீங்கள் கட்டினாலும் அவர் உங்கள் வக்கீல் ஆகிவிட மாட்டார். பத்திரம் சுத்தமாக இருந்தால் தனி வக்கீல் தேவையில்லை. அப்பா இறந்து வாரிசுப் பெயர்கள் சேர வேண்டும், மூலப்பத்திரம் தொலைந்துவிட்டது என்றெல்லாம் இருந்தால் முதலில் உங்கள் ஆளிடம் போங்கள்.

சிக்கல் பெரும்பாலும் சின்ன இடத்தில்தான் வரும். கிரயப் பத்திரத்தில் சர்வே எண் 112/3 என்றிருக்கும், பட்டாவில் 112/3பி என்றிருக்கும். உட்பிரிவு ஆனதற்குக் காகிதம் கேட்டு ஃபைல் நின்றுவிடும். ஒரிஜினல்கள் பழைய வங்கியில் இருப்பதால், ஜெராக்ஸும் ஆவணப் பட்டியலும் அங்கிருந்து முன்கூட்டியே வாங்கி வைத்து, வில்லங்கச் சான்றையும் போட்டுப் பாருங்கள்.

சரி, செலவுக்கு வருவோம். வக்கீல் ஃபீஸ், மதிப்பீட்டாளர் ஃபீஸ், ப்ராசஸிங் கட்டணம் மூன்றும் வங்கிக்கு வங்கி மாறும். ப்ராசஸிங் கட்டணத்தைக் கேட்டால் குறைப்பார்கள், கேளுங்கள். குறையாதது அரசுக்குக் கட்டுவது. தமிழ்நாட்டில் அடமானத்தை, அதாவது பத்திரங்களைக் கடனுக்கு ஈடாக ஒப்படைத்ததைச் சொல்லும் எம்ஓடி ஆவணத்தை, புது வங்கி பெயரில் மறுபடி பதிய வேண்டும். முத்திரைத் தீர்வை கடன் தொகையில் 0.5 சதவீதம், உச்சம் 30,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 6,000. உங்கள் 30 லட்சத்துக்கு 15,000 + 6,000 = 21,000 ரூபாய். பழைய வங்கியில் இதே தீர்வையை ஒருமுறை கட்டியிருப்பீர்களே, அது போனது போனதுதான்.

மற்றவற்றையும் சேர்த்து 28,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 30,876-லிருந்து 29,542 ஆகும், மிச்சம் 1,334. போட்ட பணம் திரும்ப 21 மாதம். உங்களுக்கு 15 வருடம் இருப்பதால் மாற்றுவது லாபம்தான். நானாக இருந்தால், புது வங்கியின் ஆஃபர் கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலில் பழைய வங்கிக்குத்தான் போவேன். அங்கேயே வட்டியைக் குறைத்தால் ஒரு கட்டணத்தோடு முடியும். வக்கீலும் வேண்டாம், எம்ஓடியும் வேண்டாம். புது வங்கியைவிடக் கால் சதவீதம் கூடுதலாகச் சொன்னாலும் யோசிக்கலாம்.

மாற்றியே தீருவது என்றால், ஃப்ளோட்டிங் வட்டி என்பதால் பழைய வங்கி முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கேட்க முடியாது. கணக்கு முடிந்த 30 நாளுக்குள் ஒரிஜினல்களைத் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி. அப்புறம், பழைய எம்ஓடிக்கு, கடன் அடைந்துவிட்டது என்று காட்டும் ரசீது ஆவணம் பதிந்து, அது வில்லங்கச் சான்றில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பலர் இதை விட்டுவிட்டு, வீட்டை விற்கப் போகும்போது பழைய வங்கியின் வாசலில் போய் நிற்கிறார்கள்.