பழைய கார் வயரிங் கற்க எந்தப் புத்தகம்? கேள்வி பதில்

பழைய கார்களின் வயரிங்கைப் புத்தகம் வைத்துக் கற்றுக்கொள்வது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சார், அப்பாவின் பழைய பத்மினி கார் வீட்டில் நிற்கிறது. எலக்ட்ரிகல் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

ஒன்று போதாது தம்பி, இரண்டு வேண்டும். மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று சொல்லித்தரும் மெல்லிய புத்தகம் ஒன்று. உங்கள் காருக்கே உரிய வயரிங் படம் உள்ள ஒர்க்‌ஷாப் கையேடு இன்னொன்று. முதல் புத்தகம் எந்த நாட்டில் அச்சானதாகவும் இருக்கலாம். ஓம் விதிக்கு ஊர் கிடையாது. 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் எங்கே எரிந்தாலும் நாலரை ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலேதான் இழுக்கும். இரண்டாவதில்தான் கவனம் வேண்டும். பத்மினி ஃபியட் 1100டி வழியில் வந்த வண்டி. அதனால் ஃபியட் 1100டி கையேட்டைத் தேடுங்கள். கடைக்காரர் "பழைய கார்தானே, எல்லாம் ஒன்றுதான்" என்று ஆங்கிலேயக் காரின் புத்தகத்தைக் கொடுத்தால் வாங்காதீர்கள். வயர் நிறங்கள் ஒத்துப்போகாது.

ஒரு புத்தகம் நல்லதா இல்லையா என்று வாங்கும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

நான் முதலில் திறப்பது டைனமோ பகுதியை. என்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய கால ஜெனரேட்டர்தான் டைனமோ, பிறகு அதன் இடத்துக்கு வந்தது ஆல்டர்னேட்டர். பொருளடக்கத்தில் டைனமோவே இல்லாமல் ஆல்டர்னேட்டரில் ஆரம்பித்து சென்சார், கணினி என்று போனால் அது இன்றைய கார்களுக்கான புத்தகம். நல்ல புத்தகமாகவே இருக்கலாம், நமக்கு உதவாது.

டைனமோ பகுதி இருந்தால், அதைச் சோதிக்கும் முறை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். லூகாஸ் (ஆங்கிலேயக் கார்களுக்கு எலக்ட்ரிகல் பாகங்கள் செய்த கம்பெனி) டைனமோ என்றால் முறை இதுதான்: டி (D), எஃப் (F) என்று குறித்த இரண்டு முனைகளிலிருந்தும் வயர்களைக் கழற்ற வேண்டும். இரண்டு முனைகளையும் ஒரு சின்னக் கம்பியால் சேர்த்து, அந்தக் கம்பிக்கும் பாடிக்கும் நடுவே வோல்ட் மீட்டர் வைக்க வேண்டும். என்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டு மெல்ல ஆக்சிலரேட்டர் கொடுத்தால், முள் தடுமாறாமல் விறுவிறுவென்று ஏற வேண்டும். 20 வோல்ட் வரை போகவிடக் கூடாது. என்ஜின் நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கு மேல் தேவையே இல்லை. முள் ஏறினால் டைனமோ நல்லது, கோளாறு டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டியிலோ நடுவில் உள்ள வயரிலோ இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. இது தெரியாமல் சார்ஜ் லைட் அணையவில்லை என்றதும் டைனமோவைக் கழற்றி ரீவைண்டிங்குக்குக் கொடுத்து நானே ஒருமுறை காசை இழந்திருக்கிறேன். கோளாறு கட்-அவுட் பெட்டியின் எர்த் வயரில், அதாவது பாடியோடு சேரும் வயரில் இருந்தது. "டைனமோவை நிபுணரிடம் காட்டவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடும் புத்தகத்தை அங்கேயே வைத்துவிடுங்கள்.

அப்புறம் வோல்டேஜ் டிராப். ஹெட்லைட் எரியும்போது பேட்டரி முனைக்கும் பல்பு முனைக்கும் நடுவே எத்தனை வோல்ட் காணாமல் போகிறது என்று அளக்கச் சொல்கிறதா? பல்புக்குப் போகும் வோல்டேஜில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் போய்விடும். பழைய கார் "டிம்மாக எரிகிறது" என்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். பேட்டரியும் பல்பும் மாற்றிப் பயன் இருக்காது.

கடைசியாக ஃபியூஸ். லூகாஸ் கண்ணாடி ஃபியூஸுக்குள் ஒரு சின்னக் காகிதத் துண்டில் 35 என்று அச்சிட்டிருக்கும். அது ஃபியூஸ் உருகும் ஆம்பியர். தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான், 17 ஆம்பியர் அளவு. அமெரிக்க ஃபியூஸில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் "35 ஆம்பியர் போடவும்" என்று மட்டும் எழுதிய புத்தகத்தை நம்பி அமெரிக்க ஃபியூஸைப் போட்டால், ஃபியூஸ் உருகும் முன்பே வயர் உருகும். இதை விளக்கியிருக்கும் ஆசிரியர் கைப்பட வேலை செய்தவர் என்று நான் நம்புவேன்.

அண்ணா, யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்களிடம் 1962 மொரிஸ் மைனர் இருக்கிறது. புத்தகத்தில் நெகட்டிவை பாடிக்குக் கொடுக்கச் சொல்கிறது, காரில் பாசிட்டிவ்தான் பாடியில் இருக்கிறது. எது சரி?

கார்தான் சரி. உங்கள் மைனர் தொழிற்சாலையிலிருந்து பாசிட்டிவ் எர்த்தாகத்தான், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் பாடியில் சேரும்படிதான் வந்தது. ஆங்கிலேயக் கார்கள் 1960களின் பிற்பகுதியில் ஒவ்வொன்றாக நெகட்டிவ் எர்த்துக்கு மாறின. எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் 1967இல் மாறியது. ஆகவே புத்தகத்தின் அட்டையில் கார் பெயர் இருந்தால் மட்டும் போதாது, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நல்ல கையேட்டில் ஒரே காருக்கு நாலைந்து வயரிங் படங்கள் இருக்கும்.

யாராவது முன்பே உங்கள் காரை மாற்றியிருக்கலாம் என்பதால் இக்னிஷன் காயிலையும் (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தருவது) பார்த்துவிடுங்கள். பழைய லூகாஸ் காயிலில் பிளஸ், மைனஸ் இருக்காது. எஸ்டபிள்யூ (SW), சிபி (CB) என்றுதான் இருக்கும். முதலாவது இக்னிஷன் ஸ்விட்சுக்கு, இரண்டாவது டிஸ்ட்ரிபியூட்டருக்கு. எர்த்தை மாற்றினால் இந்த இரண்டையும் இடம் மாற்ற வேண்டும், டைனமோவையும் மறுபடி போலரைஸ் செய்ய (உள்ளே தங்கியிருக்கும் காந்தத்தின் திசையைப் புதிய எர்த்துக்கு ஏற்ப மாற்ற) வேண்டும். உங்கள் கார் இப்போது நன்றாக ஓடுகிறது என்றால் மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து.

ஐயா, ஒரு பழைய கையேட்டின் கறுப்பு வெள்ளை நகல் கிடைத்தது. வயர்கள் மேல் எல்லாம் எழுத்துகள்தான். என்ன அர்த்தம்?

நிறங்களின் சுருக்கம் ஐயா. ஆங்கிலேயப் படங்களில் பி (B) என்றால் கறுப்பு. அதனால் பிரவுனுக்கு என் (N) என்ற எழுத்தும், நீலத்துக்கு யூ (U) என்ற எழுத்தும் வைத்தார்கள். இரண்டு எழுத்து இருந்தால் முதலாவது வயரின் நிறம், இரண்டாவது அதன் மேல் ஓடும் கோடு. அதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி படம் புரிந்துவிடும்: பிரவுன் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் வருவது, வெள்ளை இக்னிஷன் போட்டதும் உயிர் வருவது, பச்சை அதே இக்னிஷன் சப்ளை ஃபியூஸ் தாண்டியபின், கறுப்பு எர்த்.

ஒன்றைத் தயவுசெய்து மறக்காதீர்கள். டிஐஎன் (DIN) என்ற ஜெர்மன் தர நிர்ணய முறையில் பிரவுன் என்பது எர்த். ஆங்கிலேயக் காரில் அதே பிரவுன் எப்போதும் கரண்ட் உள்ள வயர். ஒரு நாட்டுப் புத்தகத்தைப் படித்துவிட்டு இன்னொரு நாட்டுக் காரில் கை வைத்தால் தீப்பொறிதான். நிற அட்டவணை இல்லாத கையேடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எனக்கு வேண்டாம்.

அம்பாசிடருக்கு?

மொரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 வழியில் வந்த கார் என்பதால், பழைய மாடல்களைப் புரிந்துகொள்ள ஆங்கிலேயப் புத்தகங்கள் உதவும். 1990களில் இசுசூ என்ஜின் வந்த பிறகான வண்டி என்றால் அந்த மாடலுக்கான கையேட்டைத்தான் தேட வேண்டும்.

வோக்ஸ்வாகன் பீட்டில் வாங்கப் போகிறேன். அதற்கும் இதே புத்தகங்கள் போதுமா?

போதாது. பழைய பீட்டில் 6 வோல்ட். அமெரிக்காவுக்குப் போனவை 1967 மாடலில் 12 ஆனது. வண்டியை முடிவு செய்துவிட்டுப் பிறகு புத்தகம் வாங்குங்கள். ஜெர்மன் கம்பெனியான போஷின் முனை எண்கள் தரப்பட்டிருக்க வேண்டும்: 30 பேட்டரி, 15 இக்னிஷன், 31 எர்த்.

ஆங்கிலம் எனக்குச் சரளமாக வராது. தமிழில் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. சென்னை கிண்டியில் உள்ள நிமி (NIMI) என்ற மத்திய அரசு நிறுவனம் ஐடிஐ மாணவர்களுக்கான பாடநூல்களைத் தமிழிலும் வெளியிடுகிறது. மோட்டார் மெக்கானிக் பாடத்தையும் எலக்ட்ரீஷியன் பாடத்தின் தொடக்கப் பகுதியையும் படியுங்கள். பேட்டரி, தொடர் இணைப்பு, பக்க இணைப்பு, மீட்டர் பிடிக்கும் விதம் எல்லாம் அங்கேயே கிடைத்துவிடும். அதற்குப் பிறகு வயரிங் படத்தைப் பார்க்க ஆங்கிலம் அதிகம் தேவைப்படாது. முப்பது, நாற்பது சொற்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தால் போதும்.

ஹேன்ஸ் கையேடு வாங்குவதா, கம்பெனியின் ஒர்க்‌ஷாப் கையேடு வாங்குவதா?

ஹேன்ஸ் என்ற இங்கிலாந்துப் பதிப்பகத்தின் கையேடு 1960களிலிருந்து காரை முழுவதும் கழற்றி மறுபடி பூட்டிப் பார்த்து எழுதும் முறையில் வந்தது. வீட்டில் வேலை செய்பவரை நினைத்து எழுதியது என்பதால் தொடக்கத்துக்கு அதுவே நல்லது. கம்பெனி கையேடு பயிற்சி பெற்ற மெக்கானிக்குக்காக எழுதியது, தெரிந்ததை விளக்காது. ஆனால் கட்-அவுட் பெட்டியைச் சரிசெய்யும் அளவுகள் வெப்பநிலைவாரியாக அதில் இருக்கும். நம் ஊர் வெயிலில் அந்த அட்டவணை தேவைப்படும். கட்-அவுட்டைத் திறக்கும் நாள் வரும்போது அதை வாங்கிக்கொள்ளலாம்.

அண்ணா, நான் கல்லூரி மாணவி. தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் எலக்ட்ரீஷியன் "புத்தகத்தில் என்னம்மா இருக்கு, டெஸ்ட் லேம்ப் போதும்" என்கிறார். உண்மையா?

டெஸ்ட் லேம்ப் (கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் வயர் கட்டிய பல்பு) பற்றி அவர் சொல்வதில் பெரிய உண்மை இருக்கிறதம்மா. பச்சை பூத்துப்போன கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டே இழுப்பதில்லை. அதே இடத்தில் டெஸ்ட் லேம்ப் மங்கலாக எரியும், அல்லது எரியவே எரியாது. அவர் கையால் தெரிந்துவைத்திருக்கும் அந்த விஷயத்துக்குக் காரணம் சொல்வது புத்தகம். இரண்டும் வேண்டும். ஹெரால்டில் 948, 1200, 13/60 என்று வகைகள் உண்டு. கையேட்டில் உங்கள் வண்டிக்குப் பொருந்தும் படம் எது என்று அவரோடு உட்கார்ந்து பாருங்கள். அவருக்குத் தெரிந்த நிற மாற்றங்களைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துவையுங்கள். மெட்ராஸில் கட்டிய வண்டியைப் பற்றி இங்கிலாந்துக் கையேட்டில் இல்லாத விவரங்கள் அவரிடம் இருக்கும்.

அண்ணா, மறுபடி மைனர்க்காரன்தான். சரியான கையேடு கிடைத்துவிட்டது. முதலில் எந்தப் பக்கம்?

வயரிங் படத்தைப் பெரிதாக நகலெடுங்கள். கலர் பென்சில் எடுத்து ஹார்ன் வழியை மட்டும் வரையுங்கள்: பேட்டரி, சொலனாய்டு (ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடும் ஸ்விட்ச்), கட்-அவுட் பெட்டி, ஃபியூஸ் (ஏ1, ஏ2 முனைகளுக்கு நடுவே உள்ளது), ஹார்ன், அங்கிருந்து ஸ்டியரிங் பட்டன், பட்டனிலிருந்து எர்த். ஹார்னுக்கு எப்போதும் கரண்ட் இருக்கிறது, பட்டன் எர்த்தை மட்டுமே சேர்க்கிறது என்பது வரையும்போது தெரியும். பிறகு பானட்டைத் திறந்து அதே வழியை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். அது முடிந்ததும் பிரேக் லைட்.