எக்ஸ்ஆர்பியைச் சொந்த வாலட்டுக்கு மாற்றுவது எப்படி? இன்னும் வாங்கலாமா?

எக்ஸ்ஆர்பி என்ற கிரிப்டோ காயின் வைத்திருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இதுதான்: "ஓர் இந்திய எக்ஸ்சேஞ்சில் கொஞ்சம் எக்ஸ்ஆர்பி வாங்கி அங்கேயே போட்டு வைத்திருக்கிறேன். சொந்த வாலட்டுக்கு மாற்றியே ஆக வேண்டுமா? எப்படி மாற்றுவது? இன்னும் வாங்கிச் சேர்க்கலாமா?"

இப்போது உங்கள் கையில் இருப்பது என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். செயலியைத் திறந்தால் 500 எக்ஸ்ஆர்பி என்று காட்டுகிறது அல்லவா, அது அந்த நிறுவனத்தின் கணக்கில் உங்கள் பெயருக்கு நேரே எழுதியிருக்கும் எண். காயின் இருப்பது அவர்களுடைய வாலட்டில். அதை நகர்த்தும் ரகசியச் சாவியும் அவர்களிடம்தான். சொந்த வாலட் என்றால் அந்தச் சாவி உங்களிடம் இருக்கும்.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் உதாரணம் வேண்டாம், சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கே போதும். ஒரு முதலீட்டாளர் 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய்க்கு 3,532.30 எக்ஸ்ஆர்பி வாங்கி வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் வைத்திருந்தார். அந்த ஆண்டு ஜூலையில் அங்கே பெரிய திருட்டு நடந்தது. திருடு போனவை எத்தீரியம் என்ற வேறொரு பிளாக்செயின் சங்கிலியில் இருந்த டோக்கன்கள், எக்ஸ்ஆர்பி அல்ல. ஆனாலும் எல்லாருடைய கணக்கும் முடக்கப்பட்டது. நட்டத்தை எல்லா வாடிக்கையாளரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்ற திட்டமும் வந்தது. 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ ஒரு சொத்துதான், அதை ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று சொல்லி, சுமார் 9.56 லட்சம் ரூபாய்க்கு அந்த எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் வங்கி உத்தரவாதம் தரவோ அந்தத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வைக்கவோ உத்தரவிட்டார். நல்ல தீர்ப்பு. ஆனால் தன்னிடமிருந்து திருடே போகாத காயினுக்காக 15 மாதம் காத்திருந்து நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் இன்றைக்கே மாற்ற வேண்டும் என்பதில்லை. வாராவாரம் வாங்கி விற்பவர் என்றால் எக்ஸ்சேஞ்சில்தான் இருக்க வேண்டும். ஐயாயிரம் ரூபாய்க் காயினுக்காக அதைவிட விலை கூடிய ஹார்டுவேர் வாலட் (சாவியை இணையத்துக்கு வெளியே வைத்திருக்கும் சிறு சாதனம்) வாங்குவது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதை. வருடக்கணக்கில் வைத்திருக்கப் போகிறீர்கள், போனால் வலிக்கும் தொகை என்றால் மாற்றுங்கள்.

மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை: உங்கள் செயலியில் எக்ஸ்ஆர்பியைக் காயினாகவே வெளியே எடுக்கும் வசதி இருக்கிறதா? சில இந்தியச் செயலிகளில் ரூபாயாக மட்டுமே எடுக்க முடியும். அப்படியானால் விற்று, வரி கட்டி, வேறு இடத்தில் வாங்குவதைத் தவிர வழியில்லை. புதிதாகக் கணக்கு தொடங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வாலட்டுக்கு வருவோம். ஃபோனில் வைப்பதற்கு ஸாமன் என்ற செயலி பரவலாகப் பயன்படுகிறது. முன்பு ஸம் என்ற பெயரில் இருந்தது. எக்ஸ்ஆர்பி ஓடும் வலைப்பின்னலான எக்ஸ்ஆர்பி லெட்ஜருக்கென்றே செய்யப்பட்டது என்பதால் அந்த லெட்ஜரின் தனி விதிகளை அது ஒழுங்காகக் காட்டும். ஹார்டுவேர் என்றால் லெட்ஜர் என்ற நிறுவனத்தின் (எக்ஸ்ஆர்பி லெட்ஜர் வேறு) நானோ வகைகள், அல்லது ட்ரெசர் மாடல் டி, சேஃப் 3. பழைய ட்ரெசர் மாடல் ஒன் எக்ஸ்ஆர்பியை ஏற்காது. பழைய சாதனத்தைக் குறைந்த விலைக்கு யாராவது நீட்டினால் இது நினைவிருக்கட்டும். ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய ஹார்டுவேர் வாலட்டை வாங்கவே வேண்டாம் என்பது தனிச் சேதி.

ஸாமனில் புதுக் கணக்கு தொடங்கும்போது ஏ முதல் எச் வரை எட்டு வரிசை எண்கள் வரும், வரிசைக்கு ஆறு இலக்கம். மொத்தம் 48. ஒவ்வொரு வரிசையிலும் ஆறாவது இலக்கம் முன்னால் இருக்கும் ஐந்தையும் சரிபார்க்கும் இலக்கம். ஆகவே ஒரு எண்ணைத் தவறாக எழுதியிருந்தால், திரும்ப அடிக்கும்போது பெரும்பாலும் அந்த வரிசையிலேயே மாட்டிக்கொள்ளும். இந்த 48 இலக்கங்கள்தான் உங்கள் பணம். செயலியைத் திறக்க வைக்கும் பாஸ்கோடு அந்த ஃபோனுக்கான தாழ்ப்பாள் மட்டும். ஃபோன் தொலைந்தால் அதை வைத்து எதையும் மீட்க முடியாது. பேனாவால் தாளில் எழுதி, இரண்டு பிரதி, இரண்டு இடத்தில் வையுங்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் அது தானாகவே கூகுள் ஃபோட்டோஸுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளலாம். வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள், வேண்டாம்.

லெட்ஜர் நானோ என்றால் எண்ணுக்குப் பதில் 24 சொற்கள். அந்தச் சொற்களை வசதிக்காக ஃபோன் வாலட்டிலும் அடித்துத் திறந்தால், அந்த நிமிடமே அது சாதாரண ஃபோன் வாலட் ஆகிவிடும். சாதனத்துக்குக் கொடுத்த காசு வீண். ஸாமனின் 48 எண்களை நானோவில் ஏற்றவும் முடியாது. ஃபோனிலிருந்து ஹார்டுவேருக்குப் போக வேண்டுமானால் அங்கே புது முகவரி உருவாக்கி, காயினை அதற்கு அனுப்ப வேண்டியதுதான்.

இனி எக்ஸ்ஆர்பிக்கே உரிய இரண்டு விஷயங்கள். தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன.

முதலாவது ரிசர்வ். பிட்காயினில் முகவரி உருவாக்கியவுடன் எவ்வளவு சின்னத் தொகையையும் வாங்கிக்கொள்ளலாம். இங்கே அப்படி இல்லை. குறைந்தது 1 எக்ஸ்ஆர்பி வந்து சேரும் வரை உங்கள் முகவரி லெட்ஜரில் கணக்காகவே இருக்காது. "முதலில் சோதனைக்கு அரை எக்ஸ்ஆர்பி அனுப்பிப் பார்ப்போம்" என்று புது முகவரிக்கு அனுப்பினால் பரிமாற்றம் தோற்றுப்போகும். 3 அல்லது 5 அனுப்பிச் சோதியுங்கள். அதில் 1 எப்போதும் உள்ளேயே பூட்டிக் கிடக்கும். 2024 டிசம்பருக்கு முன் இது 10 ஆக இருந்தது. பழைய வீடியோக்களில் 10, 20 என்று சொல்வது அதனால்தான். வேறு டோக்கன்களை ஏற்பதற்கு டிரஸ்ட் லைன் என்ற அனுமதியைப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் மேலும் 0.2 பூட்டப்படும். ஐந்து டோக்கன் சேர்த்துவிட்டு "ஒரு எக்ஸ்ஆர்பியைக் காணோம்" என்று தேடுபவர்கள் உண்டு. டிரஸ்ட் லைனை எடுத்துவிட்டால் அது திரும்பி வரும். கணக்கையே அழித்தால் 0.2 எரிந்துபோய் மீதியை வேறு கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது டெஸ்டினேஷன் டேக். எக்ஸ்சேஞ்சுகள் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கும் ஒரே முகவரியைக் கொடுக்கின்றன. யார் பணம் எது என்று பிரித்துக் காட்டுவது டேக் என்ற எண். அபார்ட்மென்ட் முகவரி எழுதி வீட்டு எண்ணை விட்டுவிட்டால் கூரியர் கேட் வரை வந்து வாட்ச்மேனிடம் நின்றுவிடும் அல்லவா, அதே கதை. ஆகவே வாலட்டிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்குத் திருப்பி அனுப்பும்போது முகவரி, டேக் இரண்டும் கட்டாயம். மெமோ என்று இன்னொரு பெட்டி இருக்கும், அது வெறும் குறிப்பு; டேக் எண்ணை அதில் போட்டால் போடாததற்குச் சமம்.

எதிர்த்திசையில், அதாவது எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் சொந்த வாலட்டுக்கு, டேக் தேவையில்லை. படிவம் விடாப்பிடியாகக் கேட்டால் 0 என்று போடுங்கள், ஒன்றும் ஆகாது.

டேக் இல்லாமல் அனுப்பிவிட்டால் பதற வேண்டாம். காயின் எக்ஸ்சேஞ்சின் முகவரியில்தான் இருக்கிறது, எங்கும் போகவில்லை. பரிமாற்ற எண், தொகை, நேரம், அனுப்பிய முகவரி இவற்றோடு சப்போர்ட்டில் டிக்கெட் போடுங்கள். நாளாகும், கட்டணமும் கேட்கலாம், பெரும்பாலும் கிடைத்துவிடும். தவறான டேக் போட்டு அது வேறொருவரின் எண்ணாக இருந்துவிட்டால் சிக்கல் பெரிது, ஏனென்றால் அவருடைய கணக்கில் வரவு வைத்தாகிவிட்டது.

அனுப்பும் வேலை சுருக்கமானது. வாலட்டில் முகவரியைக் காப்பி செய்யுங்கள். ஆங்கிலச் சின்ன 'ஆர்' எழுத்தில் தொடங்கும், 25 முதல் 35 எழுத்து. கையால் அடிக்காதீர்கள். ஓர் எழுத்து மாறினால் பெரும்பாலும் ஏற்காது, உள்ளேயே சரிபார்ப்பு இருக்கிறது. ஆபத்து, காப்பி செய்ததை மாற்றிவிடும் வைரஸில். ஆகவே ஒட்டிய பிறகு முதல் ஆறு, கடைசி ஆறு எழுத்தை ஒப்பிடுங்கள். நெட்வொர்க் தேர்வில் எக்ஸ்ஆர்பி லெட்ஜர் என்பதையே எடுங்கள். சில இடங்களில் பைனான்ஸ் என்ற வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சின் சங்கிலி வழியும் காட்டும், கட்டணம் குறைவாகத் தெரியும். அதில் வருவது எக்ஸ்ஆர்பி பெயரில் ஓடும் வேறு டோக்கன், ஸாமனுக்கு வராது. லெட்ஜரின் உண்மையான கட்டணம் 0.00001 எக்ஸ்ஆர்பி, எக்ஸ்சேஞ்ச் எடுப்பது அதன் சொந்தக் கட்டணம். அவர்கள் அனுப்பிவிட்டால் 3 முதல் 5 நொடியில் வந்துவிடும். அரை மணி ஆகியும் வரவில்லை என்றால் தாமதம் லெட்ஜரில் இல்லை, எக்ஸ்சேஞ்சின் ஒப்புதல் வரிசையில்.

சோதனைத் தொகை வந்ததும் உடனே மீதியை அனுப்பாதீர்கள். செயலியை அழித்துவிட்டு, தாளில் எழுதிய 48 எண்ணை வைத்துத் திரும்ப மீட்டுப் பாருங்கள். பலர் தவிர்க்கும் வேலை இது. 5 எக்ஸ்ஆர்பி இருக்கும்போது தெரிய வேண்டிய எழுத்துப் பிழை, 5,000 இருக்கும்போது தெரிந்தால் என்ன செய்வது?

வாலட்டுக்கு வந்தபின் திருடர்கள் வேறு வழியில் வருவார்கள். 0.000001 எக்ஸ்ஆர்பி திடீரென்று வந்திருக்கும், மெமோவில் "1,000 எக்ஸ்ஆர்பி பரிசு, இங்கே பதிவு செய்க" என்று ஒரு தளம். தொடாதீர்கள். எக்ஸ்ஆர்பியைப் பெருமளவு வைத்திருக்கும் ரிப்பிள் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி பிராட் கார்லிங்ஹவுஸ் முகத்தை வைத்து, அனுப்பினால் இரட்டிப்பாகத் திரும்பும் என்று யூடியூபில் ஓடும் வீடியோக்கள் அத்தனையும் போலி. ஸாமனில் கையெழுத்துக் கேட்டு வரும் கோரிக்கையில் அதன் வகை என்ன என்று தலைப்பிலேயே இருக்கும், படியுங்கள். பரிசு வாங்கப் போன இடத்தில் "ரெகுலர் கீ" அமைக்கும் கோரிக்கை வந்தால், உங்கள் கணக்குக்கு இன்னொரு சாவி வெட்டி அவர்கள் கையில் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். எக்ஸ்ஆர்பியில் மைனிங் (கணினியை ஓட்டிப் புதுக் காயின் ஈட்டுவது) கிடையாது, லெட்ஜர் அளவில் ஸ்டேக்கிங்கும் (காயினைப் பூட்டி வைத்து வருமானம் பெறுவது) கிடையாது. "எக்ஸ்ஆர்பி ஸ்டேக்கிங், மாதம் 5 சதவீதம்" என்று யாராவது சொன்னால், உங்கள் காயினை வாங்கி யாருக்கோ கடன் தருகிறார்கள், அல்லது தூக்கிக்கொண்டு ஓடப்போகிறார்கள்.

இன்னும் வாங்கலாமா? மொத்த எக்ஸ்ஆர்பி 10,000 கோடி. 2012-இலேயே முழுவதும் உருவாக்கப்பட்டது. அதில் 8,000 கோடி இன்று ரிப்பிள் என்று அழைக்கப்படும் நிறுவனத்துக்குப் போனது. 2017 டிசம்பரில் அவர்கள் 5,500 கோடியை எஸ்க்ரோவில், அதாவது குறித்த தேதிக்கு முன் எடுக்க முடியாதபடி, பூட்டினார்கள். மாதம் 100 கோடி திறக்கும், பயன்படுத்தாததைத் திரும்பப் பூட்டுவார்கள். விலை ஏறும்போதெல்லாம் விற்கக்கூடிய ஒரு பெரிய கை எதிரே இருக்கிறது என்பதை வாங்குபவர் அறிந்தே வாங்க வேண்டும். ரிப்பிள் வங்கிகளோடு ஒப்பந்தம் போட்டது என்ற செய்தியையும் எக்ஸ்ஆர்பியின் விலையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர்களுடைய மென்பொருளைப் பயன்படுத்தும் வங்கி எக்ஸ்ஆர்பியைத் தொட வேண்டிய கட்டாயம் இல்லை.

2018 ஜனவரியில் விலை 3 டாலரைத் தாண்டியது. 2020 மார்ச்சில் 20 சென்டுக்குக் கீழே. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் ரிப்பிள் மீது வழக்குப் போட, அங்குள்ள எக்ஸ்சேஞ்சுகள் வர்த்தகத்தை நிறுத்தின. 2023 ஜூலையில் நீதிபதி அனலிசா டோரஸ், எக்ஸ்சேஞ்சில் பொதுமக்களுக்கு விற்றது பங்கு போன்ற முதலீட்டுப் பத்திர விற்பனை ஆகாது, நிறுவன முதலீட்டாளர்களுக்கு நேரடியாக விற்றது ஆகும் என்று பிரித்துத் தீர்ப்புச் சொன்னார். வழக்கு முழுவதும் முடிந்தது 2025 ஆகஸ்டில். உச்சத்தில் வாங்கியவர் மறுபடி 3 டாலரைப் பார்த்தது 2025 ஜனவரியில், ஏழு வருடம் கழித்து. இந்தக் காத்திருப்பு தாங்கும் பணமா என்பதுதான் கேள்வி. "ஒரு எக்ஸ்ஆர்பி 10,000 டாலர்" என்று பேசுபவர்களைப் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்: பத்துக் கோடி கோடி டாலர் வரும். உலக நாடுகள் அத்தனையும் ஓர் ஆண்டில் உற்பத்தி செய்வதே ஒரு கோடி கோடி டாலரைச் சற்றே தாண்டுகிறது.

என் கருத்து: அவசரத் தேவைப் பணம், கடன், நகை அடகு, இதில் எதையும் கொண்டு வாங்காதீர்கள். வாங்கியே தீர வேண்டும் என்றால் மொத்தமாக வேண்டாம், மாதாமாதம் சிறு தொகையாக வாங்குங்கள். ஆனால் மாதாமாதம் வாங்குபவருக்கு வரிக் கணக்கு எழுதும் வேலையும் கூடும்.

2022 ஏப்ரல் முதல் இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. எக்ஸ்ஆர்பியில் 40,000 லாபம், வேறு காயினில் 40,000 நட்டம் என்றால் உங்கள் கையில் ஒன்றுமில்லை, வரி மட்டும் 12,480 ரூபாய். நட்டத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். கணக்குத் தாக்கலில் அதைக் கழித்துக்கொள்ளலாம். ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதும் விற்பனைதான். சொந்த எக்ஸ்சேஞ்ச் கணக்கிலிருந்து சொந்த வாலட்டுக்கு மாற்றுவது விற்பனை அல்ல, வரி இல்லை. ஆனால் மூன்று வருடம் கழித்து அந்தக் காயினை வேறொரு எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பி விற்றால், நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று அந்த இடத்துக்குத் தெரியாது. வாங்கிய தேதி, எண்ணிக்கை, ரூபாய், பரிமாற்ற எண் இவற்றை மாற்றும் அன்றைக்கே ஒரு ஷீட்டில் எழுதி, எக்ஸ்சேஞ்ச் அறிக்கையையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கை மூடிய பிறகு கேட்டால் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.