ஹேஸ்ட்டும் ஸ்லோவும் ஒருவர் மீதே விழுந்தால்?

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை (2014) எங்கள் குழுவுக்கு நான் நடத்தி வருகிறேன். மந்திரவாதி தன் தோழனான போர்வீரன் மீது வேகத்தைக் கூட்டும் ஹேஸ்ட் மந்திரத்தை ஏவியிருந்தபோது, எதிரி அதே வீரன் மீது வேகத்தைக் குறைக்கும் ஸ்லோவை ஏவினான். வீரன் சேவிங் த்ரோவில் (மந்திரத்தை எதிர்க்க எறியும் பகடையில்) தோற்றான். இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிட்டன என்று தீர்ப்பளித்தேன். இது சரிதானா?

பதில்: சரியல்ல. மூன்றாம் பதிப்பில் இவ்விரண்டும் ஒன்றையொன்று முறிக்கும் என்று விளக்கத்திலேயே இருந்தது. ஐந்தாம் பதிப்பில் அந்த வரி இல்லை. முறிவு தேவைப்படும் இடத்தில் விதிநூல் அதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது: மூன்றாம் நிலை அல்லது அதற்குக் கீழான மந்திரத்தால் உண்டான இருள் மீது டேலைட் என்ற மந்திரத்தின் ஒளி பட்டால், அந்த இருள் கலைந்துவிடும். அப்படி எதுவும் சொல்லப்படாத மந்திரங்களைப் பெயரை மட்டும் பார்த்து எதிரிகளாக்கக் கூடாது.

ஆகவே இரண்டும் ஒரே நேரத்தில் வீரன் மீது இயங்குகின்றன. 30 அடி வேகம் இரட்டித்துப் பின் பாதியாகி, மீண்டும் 30 அடிக்கே வருகிறது. ஆர்மர் கிளாஸில் (அவனைத் தாக்குவது எவ்வளவு கடினம் என்று காட்டும் எண்ணில்) ஒன்று 2 கூட்ட, மற்றது 2 கழிக்கிறது. இதுவரை பார்த்தால் தங்கள் தீர்ப்பும் இதுவும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் ஸ்லோவினால் அவன், பிறர் செயலுக்கு உடனே பதிலாகச் செய்யும் ரியாக்‌ஷனை இழக்கிறான். ஹேஸ்ட் தரும் கூடுதல் ஆக்‌ஷன் கையில் இருந்தாலும், தன் முறையில் ஒரு தாக்குதலுக்கு மேல் செய்ய முடியாது. எனவே ஒரு முறை வெட்டிவிட்டு, கூடுதல் ஆக்‌ஷனை ஓடுவதற்கோ எதிரியிடமிருந்து விலகுவதற்கோ பயன்படுத்துவதுதான் அவனுக்கு நல்லது.

தங்கள் தீர்ப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு, இதைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். ஹேஸ்ட் முடிந்த கணமே சோர்வு கவிந்து, அடுத்த முறை முடியும்வரை அந்த வீரன் நகரவோ ஆக்‌ஷன் எடுக்கவோ இயலாது. ‘முறிந்தது’ என்று அறிவித்தால், விதிப்படி அவனை ஒரு சுற்று முழுவதும் செயலற்று நிற்க வைக்க வேண்டியிருக்கும். அந்தக் கடுமை ஸ்லோவின் விளக்கத்தில் எங்குமே இல்லை.

வீரன் தன் ஒவ்வொரு முறையின் முடிவிலும் விஸ்டம் என்ற பண்பை வைத்துச் சேவிங் த்ரோ எறியலாம். அதில் வென்றால் ஸ்லோ மட்டும் விலகும். மந்திரவாதியின் கான்சன்ட்ரேஷன் (மந்திரத்தைத் தாங்கிப் பிடிக்கும் மன ஒருமை) கலையாதவரை, ஒரு நிமிட வரம்புக்குள் ஹேஸ்ட் தொடரும்.