இரண்டு அணு ஏவுகணை போட்டும் தலைநகரம் நிற்கிறதே, காசு திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: அக்கா, என் மகனுக்குப் பதினாறு வயது. ஸ்டீம் என்ற இணையக் கடையில், நாட்டை வளர்த்துப் போர் செய்யும் சிவிலைசேஷன் 5 கணினி விளையாட்டை வாங்கிக் கொடுத்தேன். மூன்று வாரமாக அதிலேயே கிடக்கிறான். எதிரியின் தலைநகர் மேல் இரண்டு அணு ஏவுகணை போட்டானாம். சுற்றி நின்ற படையெல்லாம் அழிந்ததாம், நகரம் மட்டும் அப்படியே நிற்கிறதாம். "விளையாட்டு பழுதும்மா, காசைத் திரும்பக் கேள்" என்கிறான். எக்ஸ்பான்ஷன் என்ற கூடுதல் தொகுப்பை வாங்கினால் குண்டுக்குப் பலம் கூடும் என்று கூட்டாளி ஒருவன் வேறு சொல்லியிருக்கிறான். எதை நம்புவது? நிஜக் குண்டும் இப்படித்தான் வேலை செய்யுமா என்று என் மாமியார் கேட்கிறார். (சாட்ஸ்வர்த் வாசகி, டர்பன், தென்னாப்பிரிக்கா)

பதில்: பழுது இல்லை, அம்மா. அந்த விளையாட்டின் விதியே அதுதான். ஒரு நாட்டின் முதல் தலைநகரை எத்தனை குண்டு போட்டாலும் வரைபடத்திலிருந்து அழிக்க முடியாது. எல்லாருடைய தலைநகரையும் பிடிப்பதே அதில் வெற்றிக்கான ஒரு வழி. தலைநகரமே இல்லாமல் போனால் எதைப் பிடிப்பது? மக்கள்தொகை குறைந்த சின்ன நகரம் என்றால் அணு ஏவுகணையில் அடியோடு போய்விடும். உங்கள் மகன் முன்னால் ஏதாவது ஒரு சிற்றூரை அப்படி அழித்திருப்பான், அதை வைத்துத் தலைநகரையும் கணக்குப் போட்டிருப்பான்.

எழுதுவதற்கு முன் நானே பார்த்துவிட வேண்டும் என்று நம் டர்பன் ஃபீனிக்ஸில் இருக்கும் என் அக்கா மகன் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். குண்டின் வீச்சு விழுந்த இடத்திலிருந்து இரண்டு கட்டம். அறுகோணக் கட்டம் என்பதால் நடுவில் 1, அதைச் சுற்றி 6, அதற்கும் வெளியே 12, ஆக 19 கட்டம். வெளிச்சம் அடங்கியதும் பார்த்தால் வயல், சுரங்கம் எல்லாம் கருகிக் கதிர்வீச்சுக் குறி விழுந்திருக்கிறது. நகரப் பெயரை ஒட்டியிருந்த மக்கள்தொகை எண் இறங்கிவிட்டது, வலிமையைக் காட்டும் கோடு துளியூண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகரம் மட்டும் எதிரி கையில்தான். காரணம், குண்டு நகரத்தைப் பிடித்துக் கொடுக்காது. அருகில் நின்று மோதும் படை ஒன்று உள்ளே நுழைய வேண்டும். பீரங்கியும் விமானமும்கூட அதற்கு உதவாது.

மகனிடம் இதைச் சொல்லுங்கள். சொந்தப் படையை அந்த 19 கட்டத்துக்கு வெளியே, மூன்றாவது கட்டத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளே நின்றால் அவன் ஆளும் சேர்ந்து சாவான். டாங்கி மாதிரி வேகமாக ஓடும் படையாக இருக்கட்டும், குண்டு விழுந்த அதே சுற்றிலேயே, எதிரியின் முறை வருவதற்குள், நகரத்துக்குள் புகுந்துவிடலாம். நாள் கடத்தினால் நகரம் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிக்கொண்டே வரும், போட்ட குண்டு வீண். இன்னொன்றும் உண்டு. அந்த விளையாட்டில் அணு ஆயுதம் இரண்டு வகை. முதலில் கிடைக்கும் அணுகுண்டு சற்றுப் பலம் குறைந்தது, பிறகு வரும் ஏவுகணைதான் முழுப் பலம். இரண்டுக்கும் யுரேனியம் வேண்டும்.

எக்ஸ்பான்ஷன் விஷயத்தில் கூட்டாளிப் பையன் சொன்னது தலைகீழ். அணுகுண்டும் ஏவுகணையும் அடிப்படை விளையாட்டிலேயே இருக்கின்றன. 2012இல் வந்த காட்ஸ் அண்ட் கிங்ஸ் தொகுப்பில் புதிதாகச் சேர்ந்தது குண்டுப் பதுங்கறை. அதைக் கட்டிய நகரத்தில் அணுத் தாக்குதலின் உயிரிழப்பு 75 சதவீதம் குறையும். அதாவது காசு கொடுத்து வாங்கினால் பலம் கூடுவது எதிரியின் ஊருக்கு! மதம், உளவு எல்லாம் வரும், நல்ல தொகுப்புதான், அதற்காக வாங்குங்கள். குண்டுக்காக வேண்டாம்.

இனி காசு. ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காரணம் எதுவானாலும் பணம் திரும்பத் தருவார்கள். உங்களுக்கு இரண்டுமே தாண்டிவிட்டது. 2008ஆம் ஆண்டின் நம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'பொருள்' என்றால் விளையாட்டும் மென்பொருளும் அடங்கும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணம் திரும்பவா என்று நீங்களே கேட்கலாம். ஆனால் விதிப்படி நடக்கும் ஒன்றைப் பழுது என்று காட்ட முடியாது. விளையாட்டு திறக்கவே மாட்டேன் என்கிறது, நடுவில் நின்றுபோகிறது என்றால் அது பழுது. அப்போது எழுதுங்கள், நான் உங்களோடு நிற்கிறேன்.

அடுத்த பாகமான சிவிலைசேஷன் 6 வாங்கும் எண்ணம் இருந்தால், அதில் கணக்கு வேறு. சாதாரண அணுகுண்டுக்கு வீச்சு ஒரு கட்டம்தான், அதாவது மொத்தம் 7 கட்டம். தெர்மோநியூக்ளியர் என்ற இன்னும் பெரிய குண்டுக்கு இரண்டு கட்டம். கதிர்வீச்சு முன்னதில் 10 சுற்றும் பின்னதில் 20 சுற்றும் தங்கும்.

மாமியார் கேட்டதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இல்லையம்மா, நிஜம் இப்படி இல்லை. விளையாட்டில் கோட்டுக்கு உள்ளே நாசம், ஒரு கட்டம் தள்ளி நின்றவனுக்குக் கீறல்கூடக் கிடையாது. நிஜத்தில் அப்படி ஒரு கோடே இல்லை. காற்றழுத்தம், வெப்பம், கதிர்வீச்சு மூன்றும் தூரம் போகப் போகத் தணியும், மூன்றும் ஒரே அளவில் தணிவதில்லை. குண்டின் சக்தியை எட்டு மடங்கு ஆக்கினால், அதே அழுத்தம் எட்டும் தூரம் இரண்டு மடங்குதான் ஆகும். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் வெடித்தது சுமார் 15 கிலோடன், அதாவது 15,000 டன் டிஎன்டி வெடிமருந்துக்கு ஈடு. தரையில் அல்ல, ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அந்த உயரத்தில் வெடித்தால் அழுத்தம் பரவலாக அடிக்கும். தரையில் வெடித்தால் மண்ணை வாரிக்கொண்டு போய்க் கதிர்வீச்சுத் தூசாகக் கொட்டும். நம் தென்னாப்பிரிக்காவே ஆறு அணுகுண்டு செய்து வைத்திருந்து, தானாகவே பிரித்துப் போட்டது. 1993 மார்ச் 24 அன்று அப்போதைய அதிபர் டி கிளர்க் நாடாளுமன்றத்தில் அதைச் சொன்னார். உங்கள் மாமியாருக்கு அது நினைவிருக்கும். அவரையே பேரனிடம் சொல்லச் சொல்லுங்கள், திரையில் வரும் எண்ணைவிட அது அவன் மனதில் தங்கும்.

கேள்வி: சந்தைக் கடையில் இதே விளையாட்டின் பழைய டிவிடி 60 ரேண்டுக்குக் கிடைத்தது. வீட்டில் போட்டால் "இந்தக் குறியீடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்று வருகிறது. கடைக்காரர் டிவிடியில் கீறல் இல்லையே என்கிறார். (டோங்காட் வாசகர்)

பதில்: டிவிடி நன்றாகத்தான் இருக்கும், அதனால் பயன் இல்லை. சிவிலைசேஷன் 5 பெட்டியில் வந்தாலும் ஸ்டீம் கணக்கில் ஏற்றினால்தான் ஓடும். உள்ளே இருக்கும் குறியீடு ஒருமுறைதான் செல்லும், முதலில் வாங்கியவர் கணக்கோடு அது ஒட்டிவிட்டது. விற்பதையே தொழிலாகச் செய்பவர் என்றால், விற்ற பொருள் அதன் வேலைக்கு உதவ வேண்டும் என்பது சட்டம். ரசீதோடு போய் மரியாதையாகக் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் பொருள் சேவை ஆம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் கொடுக்கலாம். ரசீது இல்லாவிட்டால் பெட்டியையும் திரையில் வந்த வாசகத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் பழைய கணினி விளையாட்டு டிவிடி எதையும் குறியீடு செல்லுமா என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி: ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற கணினிப் போர் விளையாட்டின் கணக்கு ஒன்றை 250 ரேண்டுக்குத் தருகிறேன் என்கிறார் ஒருவர். அதில் அணுகுண்டு போட்டால் எல்லாம் ஒரே அடியில் போய்விடும் என்கிறார். வாங்கலாமா அக்கா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க், 17 வயது)

பதில்: வேண்டாம் தம்பி. 2017 நவம்பரிலிருந்து முதல் கதைப்பகுதியும் ஆன்லைன் ஆட்டமும் இலவசம். இலவசமானதற்கு 250 ரேண்டா? அடுத்தவர் கணக்கை வாங்கினால், நாளைக்கே அவர் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டு போய்விடலாம்.

குண்டு விஷயமும் அவர் சொன்னபடி இல்லை. நடுவில் இருப்பவற்றுக்கு 300 சேதம், கட்டடமானால் இன்னும் 200 சேரும். வெளியே போகப் போகப் பாதி, அப்புறம் கால். 1500 உயிர்ப்புள்ளி உள்ள கட்டளை மையம் ஒரு குண்டில் மூன்றில் ஒரு பங்குதான் இழக்கும். 45 புள்ளியோடு நிற்கும் வேலையாளோ, கடைசி வளையத்தில் நின்றாலும் 75 அடி வாங்கிச் செத்துவிடுவான். அதனால் கட்டடத்தைப் பார்த்துக் குறிவைக்காதே, வேலையாட்கள் கனிமம் வெட்டும் இடத்தில் வை. உன் மேல் யாராவது போட்டால் எச்சரிக்கைக் குரல் வந்தவுடன் தரையில் சின்னச் சிவப்புப் புள்ளியைத் தேடு. அந்தப் புள்ளிக்குத்தான் குண்டு வரும். வேலையாட்களை முதலில் ஓட்டு, குறிபார்க்கும் கோஸ்ட் வீரன் மறைந்திருப்பான், அவனைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.