"றாஷ்" என்று எழுதினால் போதுமா?

கேள்வி: தாதிப் பயிற்சியில் இருக்கிறேன். நோயாளியின் தோலில் எதைக் கண்டாலும் குறிப்பில் "றாஷ்" என்றே எழுதுகிறேன். அதை வைத்து ஒன்றும் விளங்கவில்லை என்கிறார் வாட்டு ஸிஸ்டர். எப்படி எழுதுவது?
– மாணவி, வெள்ளவத்தை

பதில்: ஸிஸ்டர் சொல்வது சரி. வேர்க்குருவும் றாஷ்தான், அம்மையும் றாஷ்தான். நோயின் பெயரைத் தேடாமல், கண்ணில் பட்டதையும் விரலில் பட்டதையும் எழுதுங்கள்.

தடவிப் பாருங்கள். (புண், நீர் இருந்தால் கையுறையோடு.) விரலில் ஒன்றும் தட்டுப்படாமல் நிறம் மட்டும் மாறியிருந்தால் மக்கியூல். சிறு மேடாகத் தட்டுப்பட்டால் பப்பியூல். அதுவே 1 சென்ரிமீற்றருக்கு மேல் தட்டையாகப் பரந்திருந்தால் பிளாக். ஆழத்தில் கட்டியாக இருப்பது நொடியூல். தெளிந்த நீர் கோத்த சிறு கொப்புளம் வெசிக்கிள், பெரியது புல்லா, சீழ் கோத்தது பஸ்டியூல். சில புத்தகங்களில் எல்லை அரைச் சென்ரிமீற்றர். அதனால் அளந்து "6 மில்லிமீற்றர்" என்று எழுதிவிடுங்கள், வம்பில்லை.

எங்கள் நிறத் தோலில் சிவப்பு, சிவப்பாகத் தெரியாது. ஊதாவாகவோ கடும் பழுப்பாகவோ தெரியும். ரியூப்லைட்டை நம்பாமல் ஜன்னலோரம் பாருங்கள். கண்ணாடித் தகட்டால் அழுத்தியும் நிறம் மறையாவிட்டால் அது தோலுக்குள் கசிந்த இரத்தம். கூடவே காய்ச்சலும் இருந்தால், குறிப்பு பிறகு. முதலில் டொக்டரைக் கூப்பிடுங்கள்.

அரிக்கும் தடிப்பென்றால் பேனாவால் சுற்றி வரைந்து நேரம் குறியுங்கள். 24 மணித்தியாலத்துக்குள் அந்த இடத்தில் மறைந்து வேறிடத்தில் கிளம்பினால் ஊட்டிகேரியா.

படர்தாமரையில் பார்க்க வேண்டியது ஓரத்தை. ஓரம் சற்று எழும்பிச் செதிலாக இருக்கும், நடு தெளிந்திருக்கும். பங்கசு உயிர்ப்போடு இருப்பது ஓரத்தில்தான். பரிசோதனைக்குச் சுரண்டுவதும் அங்கேதான். ஆனால் பாமசியில் வாங்கிய ஸ்டெரொயிட் கிறீம் பூசியிருந்தால் செதிலும் ஓரமும் மங்கிவிடும், பங்கசு மட்டும் பரவிக்கொண்டிருக்கும். "என்ன பூசினீர்கள்?" என்று கேட்காமல் எழுதிய குறிப்பு அரைக் குறிப்பு.

இப்படி எழுதலாம்: "இடது முன்கை உட்புறம், தனி வட்டப் பிளாக், 3 சென்ரிமீற்றர், ஓரம் தெளிவானது, செதில் உண்டு, நடு தெளிந்தது, அரிப்பு 2 கிழமை, கிறீம் பூசியுள்ளார்."

கேள்வி: மகனுக்குப் 10 வயது. கையில் வெளிறிய படை ஒன்று. தேமல் என்று விட்டுவிடலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். மாவு போல் செதில் எழும்பினால் அழுக்குத்தேமலாக இருக்கலாம். பிறகு பஞ்சை நுனியாகத் திரித்து, முதலில் நல்ல தோலில் தொட்டுக் காட்டி, கண்ணை மூடச் சொல்லிப் படையில் தொடுங்கள். தொட்டது தெரியவில்லை என்றால் தொழுநோயா என்று பார்த்தே ஆக வேண்டும். உணர்ச்சி இருந்தாலும், படை ஆறாவிட்டாலோ பெருத்தாலோ டொக்டரிடம் காட்டுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இதற்கென்றே கிளினிக் உண்டு. மருந்து இலவசம், நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம்.