கார் ஷெட் சுவரில் தட்டு அடிக்கப் போகிறீர்களா? கேள்வி பதில்

கேள்வி: சார், ராவல் பிளக் (சுவர்த் துளையில் செருகும் பிளாஸ்டிக் குழல்) வைத்து ஸ்க்ரூ முடுக்கிய தட்டு, இரண்டு பெயின்ட் வாளி வைத்ததும் பூச்சோடு பெயர்ந்து விழுந்துவிட்டது. பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கே தப்பு?

பதில்: மேல் ஸ்க்ரூவில். தட்டில் ஏற்றுகிற பாரம் கீழே அழுத்துவதோடு நிற்காது, மேல் ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கும். 20 லிட்டர் எமல்ஷன் வாளி ஏறக்குறைய 30 கிலோ. இரண்டு வாளிக்கு இரண்டு பிராக்கெட் என்றால் ஆளுக்கு 30 கிலோ. 16 அங்குல அகலத் தட்டில் பாரத்தின் நடு, சுவரிலிருந்து 8 அங்குலத்தில் நிற்கும். பிராக்கெட் சுவரில் 6 அங்குலம்தான் இறங்குகிறது என்றால் மேல் ஸ்க்ரூவுக்கு 30 × 8 ÷ 6, அதாவது 40 கிலோ இழுப்பு. 12 அங்குலம் இறங்கினால் 20 கிலோதான். அதனால் எல் பிராக்கெட்டின் நீளமான பக்கம் சுவரில்தான் இருக்க வேண்டும். நிறைய பேர் மாற்றி மாட்டுகிறார்கள், பார்த்தாலே மனசு பதறுகிறது.

இன்னொன்று, சிமென்ட் பூச்சே அரை அங்குலம் இருக்கும். ஒரு அங்குல ராவல் பிளக்கில் பாதி அதிலேயே போய்விடும். செங்கல் சுவருக்கு, முடுக்க முடுக்கத் துளைக்குள் விரிந்து பிடிக்கிற 10 எம்எம் ஆங்கர் போல்ட் போடுங்கள். இணைப்பில் துளைக்காமல் கல்லின் நடுவில் துளைத்து, தூசியை ஊதி எடுத்துவிட்டு முடுக்குங்கள்.

கேள்வி: அண்ணா, எங்கள் வீடு ஏஏசி பிளாக் (காற்றுத் துளைகள் நிறைந்த லேசான சிமென்ட் கல்). அதே போல்ட் பிடிக்குமா?

பதில்: வேண்டாம் தம்பி. விரிகிற போல்ட் அந்தக் கல்லை உள்ளேயே பொடித்துவிடும். ஏஏசிக்கென்றே நைலான் பிளக் கிடைக்கிறது, ட்ரில்லில் ஹேமரை (இடித்துத் துளைக்கிற முறையை) அணைத்துவிட்டுத் துளையுங்கள். கனமான சாமான் என்றால் தட்டின் முன்பக்கம் தரை வரை இரும்புக் கால் இறக்கிவிடுங்கள். பாதி பாரம் தரைக்குப் போய்விடும், இழுப்பும் இருக்காது. நான் எந்தச் சுவருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

கேள்வி: 5 அடித் தட்டுக்கு என்ன ப்ளைவுட்?

பதில்: 18 எம்எம். இரு முனையிலும் அரை அடி விட்டு, 2 அடி இடைவெளியில் மூன்று பிராக்கெட். முன் விளிம்பில் 2 அங்குல ரீப்பரை (மரச் சட்டத்தை) நிமிர்த்தி அடித்தால் தொய்யாது. சாரல் அடிக்கிற ஷெட் என்றால் ஐஎஸ் 710 முத்திரை (தண்ணீர் தாங்கும் மரைன் ப்ளைவுட்டுக்கான தர முத்திரை) பார்த்து வாங்குங்கள். பார்ட்டிகிள் போர்டு ஈரத்தில் உப்பிவிடும்.

கேள்வி: கரையான் பயமாக இருக்கிறது.

பதில்: பலகைக்கும் சுவருக்கும் நடுவே அரை அங்குலம் விடுங்கள். கரையான் சுவரில் மண்கோடு இழுத்து ஏறினால் கண்ணுக்குத் தெரியும், அப்போதே தட்டிவிட்டு மருந்து அடிக்கலாம்.

கேள்வி: துளை போடுவதற்கு முன் கவனிக்க வேண்டியது?

பதில்: டிக்கியை முழுக்கத் திறந்து வைத்துத் தட்டின் உயரத்தைக் குறியுங்கள். அப்புறம் சுவிட்ச் போர்டைப் பாருங்கள். அதற்கு நேர் மேலேயும் கீழேயும் சுவருக்குள் ஒயர் பைப் ஓடும், அந்தக் கோட்டில் துளையே வேண்டாம். மெயினை அணைத்து, பேட்டரி ட்ரில்லால் துளைப்பது இன்னும் நல்லது.